எழுத்துப் பிழை இல்லாத கட்டுரை ஏன் திரும்பி வருகிறது?

"அக்கா, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. எங்கட பள்ளிக்கூடத் தமிழ் ரீச்சர் இரண்டு தரம் பார்த்துத் தந்தவ. பிறகேன் திருப்பி அனுப்பினவை?"

அழைப்பு வந்தபோது நான் 100ஆம் இலக்க பஸ்ஸில், பம்பலப்பிட்டி நெரிசலுக்குள் நின்றுகொண்டிருந்தேன். அழைத்தவர் ஓர் இளம் ஆசிரியர். முதன்முதலாக எழுதிய ஆய்வுக் கட்டுரையை எங்கள் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தார். வருகிற கட்டுரைகளைப் பதிவது, படிக்கக்கூடியவர்களுக்கு அனுப்புவது, அவர்கள் மறந்தால் நினைவூட்டுவது, பதில் வந்ததும் எழுதியவரிடம் சேர்ப்பது, இவைதான் என் வேலை. கெட்ட செய்தி கொண்டுபோகிற தபால்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் போனது மூன்று பக்கக் குறிப்பு. "மூன்று பக்கத்துக்கு ஏசியிருக்கினம்" என்றார்.

அடுத்த கிழமை வெள்ளவத்தையில் ஒரு நூல் வெளியீடு. பேச்சாளர் ஒருவர் கையிலிருந்த தாளை உயர்த்திக் காட்டி, "இது மதிப்பாய்வு செய்யப்பட்ட ஆய்வு, இதற்கு மேல் கதைக்க ஒன்றுமில்லை" என்றார். கைதட்டலும் விழுந்தது.

ஆசிரியர் மதிப்பாய்வை எழுத்துப் பிழை பார்க்கிற வேலை என்று நினைத்திருந்தார். பேச்சாளருக்கு அது மேன்முறையீடு இல்லாத தீர்ப்பு. ஒருவர் மிகச் சிறிதாகவும் மற்றவர் மிகப் பெரிதாகவும் எடுத்துக்கொண்ட அந்த ஒரே காரியம் உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது

எங்கள் புத்தக உலகில் ஒரு பிரதியைப் படிப்பதற்கு நான்கு விதம் உண்டு. நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம்.

ஒப்புநோக்குவது முதலாவது. எழுத்துப் பிழை, விடுபட்ட வரி, தப்பான பக்க எண் எல்லாம் அதில் பிடிபடும். சொல்லப்பட்ட கருத்து சரியா என்று ஒப்புநோக்குநர் கேட்பதில்லை. அணிந்துரை எழுதுவது இரண்டாவது. பேராசிரியர் ஒருவரிடம் பிரதியைக் கொடுத்து இரண்டு பக்கம் எழுதி வாங்குவோம். அதில் குறை சொன்னால் அடுத்த நூலுக்கு அவரிடம் யாரும் போகமாட்டார்கள். மூன்றாவது மதிப்புரை. நூல் வெளிவந்த பிறகு பத்திரிகையில் வருவது, வாசகருக்காக எழுதப்படுவது.

நான்காவதுதான் நம்முடைய விஷயம். மதிப்பாய்வு என்பது, ஒரு கையெழுத்துப்படி வெளிவருவதற்கு முன், அதே துறையில் வேலை செய்கிற இரண்டு மூன்று பேர் அதைப் படித்து, "இது நிற்குமா?" என்று பதிப்பாசிரியருக்கு எழுதிக் கொடுக்கும் கருத்து. ஆங்கிலத்தில் பியர் ரிவியூ என்பார்கள். எழுதியவரோடு உறவோ கொடுக்கல் வாங்கலோ இல்லாதவர்களாகப் பார்த்துத் தெரிவு செய்வது வழக்கம். கையால் யாரும் எழுதாத காலத்திலும் அச்சுக்கு முந்தைய பிரதியைக் கையெழுத்துப்படி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இடையில் ஒரு சிறு விஷயம். "ஐஎஸ்பிஎன் எடுத்த புத்தகம், ஆகையால் தரம் பார்த்துத்தான் வந்திருக்கும்" என்று நம்புகிறவர்களும் உண்டு. இலங்கையில் அந்த இலக்கத்தைக் கொடுப்பது கொழும்பு 7இல் இருக்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. 955 அல்லது 624 என்ற எண் வந்தால் நூல் இலங்கையில் பதிவானது என்று அர்த்தம். அது வாகன இலக்கத் தகடு மாதிரி. வண்டியின் பிரேக் பிடிக்குமா என்பதைத் தகடு சொல்லாது.

விடைத்தாளும் சுட்டெண்ணும்

உயர்தரப் பரீட்சை எழுதிய எவருக்கும் மதிப்பாய்வின் பாதி தெரியும். விடைத்தாளில் பெயர் எழுதுவதில்லை, சுட்டெண் மட்டும்தான். திருத்துகிறவருக்கு எழுதியது யார் என்று தெரியாது, எழுதியவருக்குத் திருத்தியது யார் என்று தெரியாது. பல ஆய்விதழ்கள் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றன. இதற்கு இருபக்க மறைப்பு என்று பெயர். சில இதழ்களில் மதிப்பாய்வாளரின் பெயர் மட்டும் மறைந்திருக்கும், எழுதியவர் யார் என்று அவருக்குத் தெரியும். அது ஒருபக்க மறைப்பு.

மறைப்பு என்று சொல்வது சுலபம். என் வேலைநாளில் பாதி இதில்தான் கழிகிறது. முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டு அனுப்புவார்கள். வேர்ட் கோப்பின் விபரப் பகுதியில் முழுப் பெயரும் இருக்கும். "நான் 2019இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டியதுபோல" என்று நடுவில் ஒரு வரி இருக்கும். கடைசிப் பக்கத்தில் மேற்பார்வையாளருக்கும் மனைவிக்கும் நன்றி இருக்கும். எல்லாவற்றையும் தேடி அழித்த பிறகும், தமிழில் ஒரு துறையில் ஆய்வு செய்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், மூன்றாவது பந்தியிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் மறைப்பு மெல்லிய துணி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பரீட்சை உதாரணம் ஓர் இடத்தில் உடைகிறது. திருத்துகிறவர் கையில் புள்ளித்திட்டம் இருக்கிறது, சரியான விடை ஏற்கெனவே தெரியும். மதிப்பாய்வாளர் கையில் அப்படி ஒன்றும் இல்லை. கட்டுரை சொல்வது புதிய விடயம் என்றால் அதற்கான விடை அவருக்கும் தெரியாது. ஆகவே அவர் விடையைப் பார்ப்பதைவிட வழியைப் பார்க்கிறார். இந்தத் தரவிலிருந்து இந்த முடிவுக்கு வர முடியுமா? வேறு விளக்கம் இருக்கிறதா? முன்பு யாராவது இதைச் சொல்லிவிட்டார்களா?

இன்னொரு வித்தியாசமும் உண்டு. திருத்துகிறவர் போடும் புள்ளிதான் பெறுபேறு. மதிப்பாய்வாளர் கொடுப்பது வெறும் ஆலோசனை. முடிவெடுக்கிறவர் பதிப்பாசிரியர். இரண்டு பேர் வேண்டாம் என்ற கட்டுரையை அவர் எடுத்ததும் உண்டு, இரண்டு பேரும் நல்லது என்றதை விட்டதும் உண்டு.

முதலில் மேசை

வந்த கட்டுரை நேரே மதிப்பாய்வாளரிடம் போவதில்லை. பதிப்பாசிரியரின் மேசையில் ஒரு முறை தங்கும். எங்கள் துறைக்குப் பொருந்துமா, வேறிடத்திலிருந்து பிரதி எடுத்ததா, மனிதர்களிடம் தகவல் திரட்டியிருந்தால் அவர்களின் சம்மதம் பெறப்பட்டதா என்று பார்ப்பார். இந்த இடத்திலேயே திரும்பினால் அது மேசை நிராகரிப்பு. வரலாற்று இதழுக்குச் சமையல் எண்ணெய் பற்றி அனுப்பினால் இதுதான் நடக்கும். எழுதியவருக்கு இது அவமானமாகப் படும், ஆனால் ஆறு மாதம் காத்திருந்து அதே பதிலைப் பெறுவதைவிட எவ்வளவோ மேல்.

மேசையைத் தாண்டினால்தான் மதிப்பாய்வாளரைத் தேடும் படலம். பெரும்பாலும் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. விரிவுரை, பரீட்சைத்தாள், பிள்ளையின் ரியூஷன் எல்லாம் முடிந்த பிறகு இரவு பத்து மணிக்குப் படிக்கிற வேலை. ஒருவர் வேண்டாம் என்பார், ஒருவர் பதிலே போடமாட்டார், ஒருவர் சம்மதித்துவிட்டு இரண்டு மாதம் காணாமல் போவார். "என்ர கட்டுரையை மூன்று மாதமா என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்பவர்களுக்கு உண்மையான பதில், பெரும்பாலான நாள் அது யாருடைய கையிலும் இல்லை என்பதுதான்.

இதுவரை சொன்னது: மதிப்பாய்வு பிழை திருத்தமும் இல்லை, வாழ்த்துரையும் இல்லை. பெயர் மறைத்த சக ஆய்வாளர்கள் வழிமுறையைப் பார்த்துப் பதிப்பாசிரியருக்கு ஆலோசனை சொல்கிறார்கள். முடிவு அவருடையது.

ஒரு கற்பனைக் கட்டுரையைப் படிப்போம்

அந்த ஆசிரியரின் கட்டுரையில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. வெளிவராத பிரதியைப் பற்றி வெளியே கதைப்பது இந்த வேலையில் பெரிய தப்பு. ஆகவே நானே ஒன்றை உண்டாக்குகிறேன்.

வெள்ளவத்தையில் 40 வீடுகள். ஜூன் முதல் கிழமையில் வீடு வீடாகப் போய்ப் பூச்சாடித் தட்டு, வாளி, கூரைப் பீலி எல்லாம் பார்த்ததில் 22 வீடுகளில் டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் குடம்பிகள் இருந்தன. பிறகு ஒவ்வொரு கிழமையும் போய் வேப்பெண்ணெய்க் கரைசல் ஊற்றினார்கள். ஆகஸ்ட் கடைசியில் எண்ணியபோது 9 வீடுகளில்தான் இருந்தன. கட்டுரையின் முடிவு: "வேப்பெண்ணெய் டெங்கைப் பாதிக்கு மேல் குறைக்கும்."

2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவான அனுபவம் நமக்கு இருக்கிறது. இப்படியொரு செய்தி வந்தால் யாருக்குத்தான் பகிரத் தோன்றாது? மதிப்பாய்வாளருக்குத் தோன்றாது. அவர் இப்படி எழுதுவார்:

"மே மாதம் கொழும்பில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. ஜூனில் எண்ணினால் தேங்கிய நீர் நிறைய இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் மழை குறையும். வேப்பெண்ணெய் ஊற்றாவிட்டாலும் 22 என்பது 9 ஆகியிருக்கலாம் அல்லவா? கரைசல் ஊற்றாத 40 வீடுகளையும் அதே நாட்களில் எண்ணினீர்களா?"

இப்படி எதுவும் செய்யாமல் பக்கத்தில் வைத்து எண்ணப்படுகிற தொகுதியை ஒப்பீட்டுக் குழு என்பார்கள். அது இல்லையென்றால் குறைத்தது வேம்பா வானமா என்று சொல்ல வழியில்லை.

இரண்டாவது கேள்வி எனக்குப் பிடித்தது. "கிழமைக்கு ஒருமுறை ஆட்கள் வந்து பூச்சாடியைப் பார்க்கிறார்கள் என்றால் வீட்டுக்காரர் என்ன செய்வார்?" பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒழுங்கைக்குள் வருகிறார் என்ற கதை பரவினால் நாங்கள் என்ன செய்கிறோம்? ஓடிப்போய்த் தட்டைக் கவிழ்க்கிறோம். இந்த 40 வீடுகளிலும் அதுதான் நடந்திருக்கக்கூடும். அப்படியானால் வேலை செய்த மருந்து வேப்பெண்ணெயா, அழைப்பு மணியா?

மூன்றாவது, எண்ணியவர்கள் கரைசலை ஊற்றிய அதே ஆட்களா? குறைய வேண்டும் என்று ஆசைப்படுகிற கண்ணுக்குக் குடம்பி தெரியாமல் போவதுண்டு. நான்காவது, நீங்கள் எண்ணியது குடம்பியை. எவருக்கும் காய்ச்சல் வந்ததா என்று பார்க்கவில்லை. "டெங்கைக் குறைக்கும்" என்ற சொல்லை எடுங்கள்.

நான்கில் ஒன்றுகூட எழுத்துப் பிழை பற்றியதில்லை. பிழையில்லாத நல்ல தமிழில் பிழையான முடிவு ஒன்றை எழுதிவிட முடியும். அந்த ஆசிரியருக்கும் இந்தக் கதையைத்தான் தொலைபேசியில் சொன்னேன். தெஹிவளை வரும்வரை இழுத்தது. அவர் மெளனமாக இருந்துவிட்டு, "அப்ப வேப்பெண்ணெய் வேலை செய்யாதோ?" என்று கேட்டார். செய்யலாம். இந்தக் கட்டுரையில் அது இன்னும் காட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

உரைகல் காட்டாதது

இப்போது பேச்சாளரின் பக்கம் வருவோம். புறக்கோட்டைச் செட்டியார் தெருவில் பழைய நகையைக் கொடுத்தால், கடைக்காரர் முதலில் உரைகல்லில் உரசிப் பார்ப்பார். கோட்டின் நிறம் பொன்னின் மாற்றை, அதாவது தூய்மையை, சொல்லும். அனுபவமுள்ள கண்ணுக்கு அது நல்ல சோதனை. ஆனால் உரசியது மேற்பரப்பை மட்டும். உள்ளே செம்பை வைத்து மேலே தடிப்பாகப் பொன் பூசியிருந்தால் கல் பொய் சொல்லும். அந்த நகை யாருடையது, எங்கிருந்து வந்தது என்று கல்லுக்குத் தெரியவே தெரியாது.

மதிப்பாய்வாளர் கையில் இருப்பது உரைகல். 40 வீட்டுக்கும் உண்மையிலேயே போனார்களா, அல்லது பம்பலப்பிட்டியில் தேநீர்க் கடையில் இருந்து எண்களை எழுதினார்களா என்று அவர் பார்ப்பதில்லை. தாளில் எழுதியிருப்பது நடந்தது என்ற நம்பிக்கையில்தான் படிக்கத் தொடங்குகிறார்.

இதன் விலை பெரிது. 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழ் அன்ட்ரூ வேக்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை ஒன்றை வெளியிட்டது. 12 பிள்ளைகளை வைத்து எழுதியது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் பிள்ளைகளுக்குப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பயம் அதிலிருந்துதான் கிளம்பியது. மதிப்பாய்வைத் தாண்டி வந்த கட்டுரை, அதிலிருந்த விபரங்கள் திரிக்கப்பட்டவை என்பது பிறகுதான் தெரிந்தது. இதழ் அதை மீளப்பெற 12 வருடம் எடுத்தது. 2010இல்தான் நடந்தது. மீளப்பெறல் என்றால், வெளிவந்த கட்டுரையை இனி நம்ப வேண்டாம் என்று இதழே அறிவிப்பது. பயமோ இன்னும் மீளவில்லை.

பொய்யே இல்லாத இடத்திலும் கல் தவறும். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றின் மதிப்பாய்வாளர்களிடம் வேண்டுமென்றே 9 பெரிய பிழைகளைப் புகுத்திய கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக மூன்று அளவில்தான் பிடிபட்டன.

பிறகு எதற்கு இந்தக் கல்? கல் இல்லாமல் வாங்குகிற கடையில் நீங்கள் நகை வாங்குவீர்களா? மூன்று பெரிய பிழை பிடிபடுவதும் சின்ன விடயமில்லை. உரசிய பிறகு கதைக்க ஒன்றுமில்லை என்று சொல்வதில்தான் பிழை இருக்கிறது.

சுருக்கமாக: மதிப்பாய்வு தாளில் உள்ள தர்க்கத்தைச் சோதிக்கும். தாளுக்கு வெளியே நடந்ததைச் சோதிக்காது. அதற்கு வேறொருவர் அதே ஆய்வைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

கோபித்துக்கொண்ட ஐன்ஸ்டைன்

இதெல்லாம் விஞ்ஞானம் பிறந்த நாள் தொட்டு இருந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். இன்றும் வெளிவரும் மிகப் பழைய விஞ்ஞான இதழ் லண்டனில் 1665இல் தொடங்கியது. அப்போது அதன் பதிப்பாசிரியர் ஒருவரே பார்த்துப் போடுவார். நேச்சர் இதழ் வெளியாள் மதிப்பாய்வை எல்லாக் கட்டுரைக்கும் கட்டாயமாக்கியது 1973இல்தான். டிஎன்ஏயின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரை அதே இதழில் மதிப்பாய்வு இல்லாமலே வந்தது.

தமிழில் இந்தப் பேச்சு வந்தால் உடனே நக்கீரரை இழுப்பார்கள். எனக்கு அது பொருந்துவதாகத் தெரியவில்லை, அவர் சபையில் எழுந்து நின்று முகத்துக்கு நேரே சொன்னவர். தொல்காப்பியத்தின் பாயிரத்தில் வரும் அதங்கோட்டாசான் இன்னும் கிட்ட வருகிறார். பாண்டியன் அவையில் அவர் முன்னிலையில் நூல் "அரில் தபத் தெரிந்து" வந்ததாகப் பாயிரம் சொல்கிறது. அரில் தப என்றால் குற்றம் நீங்க. ஆனாலும் அது ஆசான் யாரென்று ஊருக்கே தெரிந்த அவை.

பெயர் தெரியாத ஒருவர் குறை சொல்வதை முதலில் பலராலும் தாங்க முடியவில்லை. 1936இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் ஈர்ப்பு அலைகள் இல்லை என்று முடிவு சொன்ன ஒரு கட்டுரையை அமெரிக்காவின் பிசிக்கல் ரிவியூ இதழுக்கு அனுப்பினார்கள். பதிப்பாசிரியர் ஜோன் டேற் அதை ஒரு மதிப்பாய்வாளரிடம் கொடுத்தார். பத்துப் பக்கக் குறிப்பு வந்தது. நம்முடைய ஆசிரியருக்கு மூன்று பக்கம்தான்! ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டார். அச்சிடத்தான் அனுப்பினேன், அதற்கு முன் வேறொருவருக்குக் காட்ட நான் அனுமதி தரவில்லை என்று எழுதிக் கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

பிறகு நடந்ததுதான் சுவை. கட்டுரை 1937இல் வேறு இதழில் வந்தபோது முடிவு மாறியிருந்தது. பழைய கணிப்பில் பிழை இருந்ததை ஐன்ஸ்டைன் உணர்ந்திருந்தார். அந்தப் பிழையை அவருடைய உதவியாளரிடம் கதையோடு கதையாகச் சுட்டிக்காட்டியவர் ஹவார்ட் பேர்சி ரொபர்ட்சன் என்ற இயற்பியலாளர். பத்துப் பக்கம் எழுதியவரும் அவரேதான் என்பது 2005இல்தான் உறுதியாக வெளியே வந்தது. ஈர்ப்பு அலைகளோ 2015 செப்டெம்பரில் கருவியில் பிடிபட்டன.

காசு கட்டினால் மூன்று நாள்

மதிப்பாய்வு நடந்ததாகச் சொல்லி நடத்தாத இதழ்களும் உண்டு. "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று பட்டதாரி மாணவருக்கும் மின்னஞ்சல் வரும். மூன்று நாளில் ஏற்பு, பிறகு டொலரில் கட்டணம். 2013இல் ஜோன் பொஹானன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்த புற்றுநோய்க் கட்டுரை ஒன்றை, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. கட்டணம் வாங்குவது மட்டும் குற்றமில்லை, ஒழுங்கான இதழ்களும் வாங்குகின்றன. கேள்வியே கேட்காமல் ஏற்பதுதான் அடையாளம்.

இதற்கு எதிர்ப்பக்கம் முன்பதிப்பு. மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரையை எல்லோரும் பார்க்கப் போட்டுவிடுவது. இயற்பியலாளர்கள் 1991 தொட்டு ஆர்கைவ் என்ற தளத்தில் செய்துவருகிறார்கள். இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்வதால் இதில் ஏமாற்று இல்லை. கொவிட் காலத்தில் வட்ஸ்அப்பில் வந்த பல "ஆய்வுகள்" இந்த வகைதான், அந்த எச்சரிக்கை வரியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள்.

திரும்பி வந்த கடிதத்தைப் படிப்பது

பதில் நான்கு விதமாக வரும்: ஏற்பு, சிறு திருத்தம், பெருந்திருத்தம், நிராகரிப்பு. முதல் சுற்றிலேயே ஏற்பு வருவது அபூர்வம். பெருந்திருத்தம் என்ற சொல்லைப் பார்த்து அழுகிறவர்கள்தான் அதிகம். அதன் அர்த்தம் கதவு இன்னும் திறந்திருக்கிறது என்பது. கட்டுரை உதவாது என்று நினைத்த ஒருவர் மூன்று பக்கம் எழுதி இரவை வீணாக்கமாட்டார், இரண்டு வரியில் முடித்துவிடுவார்.

திருத்தி அனுப்பும்போது கூடவே ஒரு பதில் கடிதம் வைக்க வேண்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே, என்ன மாற்றினேன், எந்தப் பக்கத்தில், மாற்றவில்லை என்றால் ஏன் என்று எழுதுவது. மதிப்பாய்வாளர் சொல்வது எல்லாவற்றுக்கும் தலையாட்டத் தேவையில்லை. அவரும் பிழை விடுவார். காரணத்தோடு மறுத்தால் பதிப்பாசிரியர் கேட்பார்.

அந்த ஆசிரியர் இரண்டரை மாதம் எடுத்தார். பதில் கடிதமே ஐந்து பக்கம். இரண்டு குறிப்புகளை மறுத்திருந்தார், ஒன்றில் அவர் பக்கம்தான் நியாயம் என்று மதிப்பாய்வாளரே ஒப்புக்கொண்டார். போன கிழமை முடிவு வந்தது: சிறு திருத்தம். பஸ்ஸில் இருந்தபடியே அவருக்கு அழைத்துச் சொன்னேன். என்ன திருத்தம் என்று கேட்டார்.

"புதுசாச் சேர்த்த பந்தியில மூன்று எழுத்துப் பிழை, தம்பி."